இழுக்குமா என்று கேட்கிறோம்... நிற்குமா என்று கேட்கிறோமா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் காட்சி புதிதல்ல. பொழுது விடியாத நேரத்தில், தெருமுனையில் ஒரு பழைய டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கும். பின்னால் டிரெய்லர். அடியில் வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். புளிசோற்றுத் தூக்கு ஏறும், தண்ணீர்க் குடம் ஏறும், பாட்டி ஏறுவார், கைக்குழந்தையோடு மருமகள் ஏறுவார். குலதெய்வத்துக்குப் பொங்கல், பேரனுக்கு மொட்டை, காது குத்து என்று ஏதோ ஒரு விசேஷம். மொத்தத் தெருவும் ஒரே வண்டியில்.

யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: “ஏம்பா, இந்த வண்டி இவ்வளவு தூரம் இழுக்குமா?”

டிராக்டர்காரர் சிரித்தபடி சொல்வார்: “நூறு மூட்டை நெல்லையே இழுக்குது, நம்மள இழுக்காதா பெரிப்பா?”

பதில் சரிதான். கேள்விதான் தப்பு. கேட்டிருக்க வேண்டியது, “இழுக்குமா?” என்பதை அல்ல; “நிற்குமா?” என்பதை.

பழசாக இருப்பது குற்றமல்ல

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நெல் விளையும் மண் இது. உழவு, அறுப்பு முடிந்த மூட்டை, வைக்கோல், கரும்பு எல்லாம் டிராக்டரை நம்பித்தான் நகர்கின்றன. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸே ஃபெர்குசன் வண்டிகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அப்பா வாங்கிய வண்டியை மகன் ஓட்டும் வீடுகள் ஏராளம்.

காருக்குக் கிலோமீட்டர் கணக்கு என்றால், டிராக்டருக்கு மணிக் கணக்கு. என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத்தான் அதன் மீட்டர் காட்டும். பல ஆயிரம் மணி நேரம் ஓடிய வண்டியாக இருந்தாலும், ஆயிலும் ஃபில்டரும் காலத்தில் மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்திருந்தால் அதன் டீசல் என்ஜின் இழுக்கத் தயங்காது. உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடும் எளிமை பழைய வண்டிகளின் பலம்.

என்ஜின் கெட்டால் அது நமக்குச் சொல்லியும் விடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கினால் சுமை அதிகம், அல்லது டீசல் சரியாக எரியவில்லை. ஆனால், பிரேக் அப்படிச் சொல்லாது. தேவைப்படும் நொடியில்தான் அது இல்லை என்பதே தெரியும்.

2 டன் வண்டி, 7 டன் எடை

ஒரு சின்னக் கணக்கு. 40 குதிரைத்திறன் அளவுள்ள ஒரு டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்று 40 கிலோ. நூறு மூட்டை என்றால் 4 டன். டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் மொத்தம் 7 டன்னைத் தொடும்.

பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்கள் இரண்டும்தான். ஊரில் ஓடும் பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது, இருந்தாலும் இணைக்கப்பட்டிருக்காது. ஆக, 2 டன் வண்டியின் இரண்டு சக்கரங்கள் 7 டன்னையும் நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது கைக்குள் இருக்கும் வண்டி, 30-ல் கையை விட்டுப் போவது இதனால்தான்.

இறக்கத்தில் இன்னும் மோசம். அங்கே டிராக்டர் டிரெய்லரை இழுப்பதில்லை. டிரெய்லர்தான் டிராக்டரைத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் திடீரென்று பிரேக்கை மிதித்தால், முன்னால் போகும் வண்டி பக்கவாட்டில் திரும்பி, இரண்டும் கத்தரிபோல மடங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் உயிரோடு விளையாடுவது. இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறி, என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குவதுதான் முறை.

அமெரிக்காவில் சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள வீட்டு டிரெய்லரைப் பழைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. அங்கே பல மாநிலங்களில் சுமார் 1,360 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பிரிட்டனில் 750 கிலோவைத் தாண்டினாலே கட்டாயம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெத்தையும் கட்டிலும் இருந்தாலும், ஓடும்போது அந்த வீட்டு டிரெய்லருக்குள் ஆள் உட்காருவதை அங்கே பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. குடும்பம் முன்வண்டியில் சீட் பெல்ட் போட்டு உட்காரும். சாமான்தான் பின்னால் வரும்.

பெடல் இரண்டு

டிராக்டருக்கு மட்டுமே உள்ள விசேஷம் ஒன்று உண்டு. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் வரப்போரம் சட்டென்று திரும்ப, ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதைப் போட மறந்து, அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி நிற்காது; அந்தப் பக்கமாகச் சுழலும்.

தாழ்ப்பாள் போட்டாலும் முடிந்துவிடவில்லை. வயலில் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பும் வண்டியில் அந்தப் பக்கத்து பிரேக் அதிகமாகத் தேய்ந்திருக்கும். ரோட்டில் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பழைய மாடல்களில் சேற்றுழவின்போது தண்ணீரும் சேறும் பிரேக்குக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. காலையில் சேற்றில் இறங்கிய வண்டி, மாலையில் ஆளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலி ரோட்டில் மெதுவாகப் போய், மிதித்துப் பார்த்து, நேராக நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய தாத்தாக்களுக்கு இது தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். இரண்டும் இல்லாமல், கொஞ்சம் முன்பக்கமாகப் பாரம் இருக்கும்படி வண்டி கட்டுவது ஒரு கலை.

ஒரே அச்சு கொண்ட இரண்டு சக்கர டிரெய்லருக்கும் கணக்கு இதுதான். பின்பாரம் அதிகமானால் டிரெய்லரின் முன்பகுதி டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். வண்டியை இழுப்பதும் நிறுத்துவதும் அந்தச் சக்கரங்கள்தான். முன்பாரம் எல்லை மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகிவிடும்; ஏற்றத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வீட்டு டிரெய்லர் இழுக்கும் அமெரிக்கர்கள், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியின்மேல் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தாத்தா கையால் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னதும் அதே கணக்குதான்.

இரண்டு வண்டிகளையும் சேர்ப்பது ஒரே ஒரு இரும்பு முளை. அது தேய்ந்திருந்தாலோ, கீழே மாட்டும் கிளிப்புக்குப் பதில் கம்பியை முறுக்கிவிட்டிருந்தாலோ, ஒரு பள்ளத்தில் குலுங்கும்போது கழன்றுவிடலாம். முளை கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் பிடிக்க, கூடவே ஒரு சங்கிலி போடுவது நல்லது.

மூட்டை வேறு, மனிதர் வேறு

“நூறு மூட்டை 4 டன். முப்பது பேர் ஏறினால் 2 டன்கூட வராதே?” என்று தோன்றலாம். எடை குறைவுதான், ஆனால் ஆபத்து அதிகம். மூட்டை கிடத்திய இடத்தில் கிடக்கும். மனிதர்கள் எழுந்து நிற்பார்கள், ஒரே பக்கமாக வேடிக்கை பார்க்கச் சாய்வார்கள், பக்கப் பலகைமேல் உட்காருவார்கள். பாரம் உயரத்துக்குப் போய்விடும். வளைவில் வண்டி கவிழ அதுவே போதும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத டிரெய்லரில், கவிழும்போது ஆட்கள் அடியில் சிக்குகிறார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் மட்கார்டில் உட்காருபவர் தவறினால் விழுவது பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால்.

2022 அக்டோபர் 1-ம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் இருந்த டிராக்டர் டிரெய்லர் ஒரு குட்டையில் கவிழ்ந்தது. 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடப் போனவர்களின் டிரெய்லர் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கோ நடந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். உத்திரமேரூர் ஏரி இந்தப் பகுதியின் பெரிய ஏரிகளில் ஒன்று. இங்கே கிராமத்துக்குக் கிராமம் ஏரி, கரைமேலேயே பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?

டிராக்டருக்கு இருக்கலாம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். பாலிசியிலும் அது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, சரக்கு ஏற்றும் வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல், ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நடந்தால் இறந்தவர் குடும்பம் நீதிமன்றத்துக்கு அலையும். நல்லெண்ணத்தில் வண்டி கொடுத்தவர் நிலத்தை விற்க நேரிடும். இருவரும் ஒரே தெருவாக, பங்காளிகளாக இருப்பார்கள். அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆனால், அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

கோயிலுக்கு மட்டுமல்ல. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் ஏற்றிப்போவதும் இப்படித்தான். அன்றைய கூலிக்குப் போகும் பெண்கள், “இதில் ஏற மாட்டேன்” என்று சொல்ல முடியாத நிலையில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஆட்டோவோ வேனோ வைப்பதும் நடவுச் செலவில் ஒன்றுதான்.

புறப்படும் முன் 10 நிமிடம்

சரக்கு ஏற்றிப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

* பிரேக் பெடல்கள் இரண்டும் சேர்த்துப் பூட்டியிருக்கிறதா? மிதித்தால் நேராக நிற்கிறதா?
* இணைப்பு முளை, கிளிப், சங்கிலி சரியாக இருக்கிறதா?
* டயரில் காற்று, வெடிப்பு பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருந்தால், அது தயாரான காலம்; 1219 என்றால் 2019-ம் ஆண்டின் 12-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் வெடிக்கும்.
* பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தாழ்வாக இருக்கிறதா?
* டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும், ஒளியைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கரும் இருக்கிறதா? நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பும் வைக்கோலும் அவற்றை மறைக்கக் கூடாது.
* ரிப்பேராகி ரோட்டில் நின்றால், கல்லையும் மரக்கிளையையும் போட்டு எச்சரித்தவர்கள், கிளம்பும்போது மறக்காமல் அவற்றை எடுத்துவிடுங்கள். இருட்டில் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல்லே எமன்.

இந்தப் பட்டியலில் ஆட்களை ஏற்றுவது பற்றி எதுவும் இல்லை. அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி இல்லை என்பதுதான் காரணம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரிக்கென்று ஒரு வாரியம் இருந்ததைச் சொல்கிறது. ஏரியைக் கவனிக்க யார் தகுதியானவர் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதி எழுதி வைத்த ஊர் இது. அந்த ஏரிக்கரைமேல் குழந்தைகளோடு போகும் வண்டி எதுவென்று இன்றைக்கு ஒரு தெரு கூடித் தீர்மானிப்பது கடினமல்ல. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் ஒரு வேன் வரும். டிராக்டர் பின்னால் வரட்டும். பொங்கல் பானையும் விறகும் வாழைத்தாரும் அதில் வரட்டும்.

பாட்டியும் பேரனும் வேனில் வரட்டும்.