நிழலில் யார் பெரியவர்?

தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணன் பெரியவன்; அருகில் நிற்பவர்கள் சிறியவர்கள். யாருக்கு எவ்வளவு இடம் என்பதை ஓவியர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். அங்கே அதிகாரம் உருவத்தின் அளவில் தெரிகிறது. அந்த அளவையே அசைத்துக் காட்டியவர் நளினி மலானி.

1946-இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு கொல்கத்தாவுக்கும் பிறகு மும்பைக்கும் வந்து, ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தார். சீதை, கிரேக்கக் கதைகளின் மெடியா, கசாண்ட்ரா என்று, காவியங்களில் அநீதிக்கு ஆளான பெண்களைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்.

கண்ணாடியின் பின்புறம் வரையும் முறையை 1980-களின் இறுதியில் ஓவியர் பூபேன் கக்கரிடம் கற்றார். சீன வணிகத்தோடு இந்தியாவுக்கு வந்து, தஞ்சாவூரிலும் வேரூன்றிய முறை அது. வழக்கமாகப் பின்னணியைத் தீட்டிவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். இதிலோ கருவிழிதான் முதலில், பின்னணி கடைசியில். மேலே மேலே வண்ணம் ஏற ஏற, முதலில் வைத்த கோட்டைத் திருத்த வழியில்லை. ஆனால் நிறம் அபாரமாகச் செறிந்து தெரியும். சொரசொரப்பான பரப்பில் படும் ஒளி வெள்ளையாகச் சிதறி நிறத்தை வெளிறச் செய்கிறது. கண்ணாடியோடு ஒட்டிய வண்ணத்தில் அந்தச் சிதறல் மிகக் குறைவு. நனைந்த கல் கருமையாகத் தெரிவதும் இதனால்தான்.

மலானி கண்ணாடியோடு நிற்கவில்லை. 2012-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் ஐந்து மைலார் உருளைகளைத் தொங்கவிட்டார். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்தான் மைலாரும். உட்புறம் வரையப்பட்ட உருளைகள் சுழல, புரொஜெக்டர் ஒளி அவற்றை ஊடுருவிச் சுவரில் விழுந்தது. கசாண்ட்ராவின் கதையோடு எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதையும் அந்தப் படைப்பில் குரலாக ஒலித்தது.

ஒளி உருளையின் இரு பக்கங்களையும் கடக்கிறது. விளக்கை ஒட்டிய பக்கம் இடப்புறம் நகர்ந்தால், எதிர்ப்பக்கம் வலப்புறம் நகரும். அதனால் நிழல்கள் எதிரெதிராக ஓடி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியேறுகின்றன. விளக்குக்கும் உருவத்துக்கும் இடையிலான தூரம் பாதியானால் நிழல் இரு மடங்காகும். ஆகவே, அரைச் சுற்றில் பெரியவர் சிறியவராகிவிடுவார். ஓவியர் யாரையும் பெரிதாக வரையத் தேவையில்லை. ஒளிக்கு அருகில் யார் என்பதே அளவை முடிவு செய்கிறது. அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசும் ஓவியங்கள் நம் காலத்தில் மிகக் குறைவு என்பேன்.

இதைப் பார்க்கக் காசெல் போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில், ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் ஒளிபுகும் தாள் ஒன்று வாங்குங்கள். உருளையாகச் சுருட்டி, ஒரு பக்கத்தில் அரசனையும் எதிர்ப்பக்கத்தில் சீதையையும் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். இருட்டறையில், செல்போன் டார்ச்சுக்கு முன்னால் பிள்ளைகளையே உருளையைச் சுழற்ற விடுங்கள்.