வெள்ளைப் புள்ளி மறைந்த நாள்

மடுல்சீமையில் எங்களுக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வரும். அது உயிரோடு நீந்துவதைப் பார்க்க, விடுமுறைக்குத் தெஹிவளையில் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். அவரது தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் மூன்று டேங் மீன்களும் சிவப்புக் கோடு போட்ட ஓர் இறாலும் இருந்தன. கடைசியாக வாங்கிய டேங் மீனின் செட்டையில், உப்புக்கல் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகளை முதலில் கண்டது நான்தான்.

எங்கள் வீட்டுத் தங்கமீனுக்கு இப்படி வந்தபோது உப்புப் போட்டுச் சுகப்படுத்தியிருந்தோம். அதையே சொன்னேன். "கடல் தண்ணிக்கே உப்புப் போடச் சொல்றியா மகள்?" என்று மாமா சிரித்தார். நான்காம் நாள் புள்ளிகள் தாமாகவே மறைந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் ஐந்து மீன்களின் மேலும் புள்ளிகள்.

இந்த நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்னும் தனிக்கல ஒட்டுண்ணி. 1951இல் பிரவுன் என்பவர் இதற்குப் பெயரிட்டார். நன்னீர் வெண்புள்ளி நோயைப் போலத் தெரிந்தாலும் இது வேறு உயிரி. மீனின் தோலுக்குள்ளும் பூக்களுக்குள்ளும் சில நாட்கள் தின்று வளரும். பின்னர் கீழே விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே பல நூறு குஞ்சுகள் வரை பிரியலாம். ஓடு உடைய மூன்று நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம். வெளிவரும் குஞ்சு ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆகவே நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த நான்காம் நாளில், நோய் மணலுக்குள் பெருகிக்கொண்டிருந்தது!

கடையில் கொடுத்த செப்பு மருந்தை மாமா தொட்டியிலேயே மூடிக் கணக்கில் ஊற்றினார். மறுநாள் காலை இறால் செத்துக் கிடந்தது. பிறகு இரண்டு டேங்களும் போயின. செம்பு மருந்துதான், ஆனால் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. சுண்ணாம்புக் கற்கள் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு அயன் சில வாரங்கள் குறையாமல் இருக்க வேண்டும். தினமும் சோதனைப் பெட்டியால் அளந்து பார்க்காமல் இது நடக்காது. கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டிதான் அதற்கு இடம்.

அப்படியும் செம்பு கொல்வது நீந்தும் குஞ்சை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. இது எனக்கு விளங்கியது ஊருக்குத் திரும்பிய பிறகு. என் தோழியின் தந்தை தோட்டத்தில் மருந்து தெளிப்பவர். 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்கும் செப்பு மருந்துதான். "கொழுந்து எடுத்த கையோட அடிக்கணும் புள்ள, கொப்புளம் வந்த இலைக்கு அடிச்சு என்ன பிரயோசனம்?" என்றார். இலைமேல் விழும் வித்தியைத்தான் அது கொல்கிறது. உள்ளே போன பூஞ்சணத்தை அல்ல.

மற்றொரு வழி என் உப்பு யோசனைக்கு நேர் எதிரானது. லீற்றருக்கு 35 கிராம் இருக்கும் உப்பை, தனித் தொட்டியில் படிப்படியாக 15, 16 கிராமுக்குக் குறைத்து நாலு வாரம் வைப்பது. மீனின் இரத்தத்தில் உப்பு கடல் நீரின் மூன்றில் ஒரு பங்களவே என்பதால் அது தாங்கும். ஒட்டுண்ணியின் ஓடு தாங்காது.

ஆனால் புள்ளி எல்லாம் கிரிப்டோகாரியன் அல்ல. மாவைத் தூவியது போல மிக நுண்ணிய பொன் தூசியாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அமைலூடினியமாக இருக்கலாம். அது சில நாட்களில் கொன்றுவிடும். புள்ளியே இல்லாமல் மூச்சு வாங்கினால் முதலில் நீரின் அமோனியாவைச் சோதிக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்ப்பது நுணுக்குக்காட்டிதான். தோலில் சுரண்டிய சளியில், பிசிர்களோடு மெதுவாகச் சுழலும் உருண்டை தெரிந்தால் அது கிரிப்டோகாரியன்.

இவ்வளவும் வராமல் தடுக்க, புதிய மீனை ஒரு மாதம் தனியே வைத்திருந்தால் போதும். அந்த டேங் மீனை மாமா வாங்கிய அன்றே பெரிய தொட்டியில் விட்டார்.

மிஞ்சிய மூன்று மீன்களும் இப்போது தனித் தொட்டியில் சுகமாக இருக்கின்றன. பெரிய தொட்டியில் மீனே இல்லை. இதை எழுதும்போது 53ஆம் நாள். இன்னும் மூன்று வாரம், வெறும் தண்ணீருக்கும் கல்லுக்கும் மாமா தினமும் லைட் போட வேண்டும்.