லேப்டாப்புல எல்லாம் சரி... வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகலையா? இன்ஜெக்டர் வயரைப் பாருங்க!

காதர்பேட்டையில் பனியன் மூட்டை சுமந்து போகும் டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டியைக் கவனிச்சிருக்கீங்களா? 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்ததும் அந்த எக்ஸ்.எல்லுக்கே கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், பழைய இன்ஜினுக்குத் தாங்களே இ.சி.யூ கட்டி மாட்டுகிற ஆட்களும் உண்டு. ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் 'ஸ்பீடுயினோ' மாதிரி, யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டக்கூடிய டிசைன்கள் இருக்கின்றன. கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் கட்டலாமே என்று கை துறுதுறுக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். நாமே கட்டிய இ.சி.யூவில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. 'இன்ஜெக்டரை 3 மில்லி செகண்ட் திற' என்று அது உத்தரவு போடும். லேப்டாப் திரையிலும் 3 என்றே காட்டும். இன்ஜெக்டர் நிஜமாகவே திறந்ததா? அது இ.சி.யூவுக்கே தெரியாது. இதை நம்பித்தான் பலர் நல்ல இ.சி.யூவைக் கழற்றிப்போட்டு வேறு வாங்குகிறார்கள்.

வயரிங் ரொம்ப சிம்பிள். இன்ஜெக்டருக்கு இரண்டே வயர். ஒன்றில் சாவி போட்டதும் ரிலே வழியாக 12 வோல்ட் வந்து நிற்கும். இன்னொன்று இ.சி.யூவுக்குப் போகும். இ.சி.யூ கரன்ட் கொடுப்பதில்லை; அந்த வயரை நொடிப்பொழுது எர்த்தோடு சேர்த்துவிட்டு விடும். அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது வயர் எங்காவது தோல் உரிந்து சேசிஸில் பட்டால்தான் ஆபத்து. இன்ஜெக்டர் மூடவே மூடாது. பம்ப் ஓடுகிற வரை பெட்ரோல் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும், ஆயிலிலும் கலக்கும். பஞ்சுத் தூசி பறக்கிற குடோன் வாசலில் இது விளையாட்டில்லைங்க. அதனால் முதலில் ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள். வெட்டவெளியில் வைத்துச் சோதியுங்கள்.

இப்போது மல்டிமீட்டர். இன்ஜெக்டர் கனெக்டர் மாட்டியே இருக்கட்டும். சாவி ஆன், ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். இ.சி.யூவுக்குப் போகும் வயரை, இ.சி.யூ முனையிலேயே அளந்து பாருங்கள். காயில் வழியாக வந்த 12 வோல்ட் அங்கே தெரிய வேண்டும். தெரிந்தால் ரிலே, காயில், வயர் மூன்றும் இணைப்பில் இருக்கின்றன. பூஜ்யம் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எர்த்தில் பட்டிருக்கிறது. மீட்டரை வைத்தபடியே வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள்; எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

ஆனால் ஒரு விஷயம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் சொல்லும், 'பீப்' சத்தமும் போடும். அந்த ஒற்றை இழை ஓடுகிற இன்ஜினின் லோடைத் தாங்காது. இன்ஜெக்டர் கனெக்டரில் எல்.இ.டி டெஸ்டரை மாட்டி கிராங்க் செய்தால் விளக்கு சிமிட்ட வேண்டும். விடாமல் எரிந்தால் ஷார்ட், அல்லது இ.சி.யூ டிரைவர் போய்விட்டது. எரியவே இல்லையென்றால் டெஸ்டரைத் திருப்பி மாட்டி இன்னொரு முறை பாருங்கள். சிமிட்டியும் இன்ஜின் திணறினால், ஒற்றை இழைச் சந்தேகத்தோடு கிரிம்ப் செய்த இடங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

டிரைவர் போனதாகத் தெரிந்தால், புதுசு போடும் முன் சாவியை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி இன்ஜெக்டரின் ஓம்ஸை அளந்துவிடுங்கள். 12 முதல் 16 வரை இருந்தால் நல்லது. 2, 3 ஓம்ஸ் என்றால் அது வேறு ரகம். 1 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 5, 6 ஆம்பியர் இழுக்கும். நேரடியாக மாட்டினால் புது டிரைவரும் கருகிவிடும்.