அழகிய படத்தின் பின்னே

2017-ல் டீம் சால்வாடோ என்னும் சிறு குழு இலவசமாக வெளியிட்ட 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' என்னும் கணினி விளையாட்டைப் படத்தைக் கொண்டு எடைபோட்டால் ஏமாந்துபோவோம். பள்ளி மாணவியர் நால்வர் கவிதை எழுதிப் பேசுகின்றனர். பேயுமில்லை, இருண்ட மாளிகையுமில்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நடுவே, மனச்சோர்வுற்ற தோழி தற்கொலை செய்துகொள்கிறாள். ஆடுபவர் எப்பதிலைத் தேர்ந்தாலும் அவளைக் காக்க வழியில்லாதவாறே அமைத்திருக்கிறார்கள். 'என்னால்தானோ?' என்னும் உறுத்தலே இங்கு அச்சமாகிறது. பிறகு எழுத்துகள் சிதைகின்றன. ஒரு பாத்திரம் ஆடுபவரையே விளித்துப் பேசுகிறது.

சிறுவர்க்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கை தொடக்கத்திலேயே உள்ளது. நாம்தான் வாசிப்பதில்லை!

ஆடிவிட்ட பிள்ளையிடம் கணினியைப் பறிக்குமுன், "அவள் இறந்தபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். சோர்ந்திருக்கும் தோழியைப் பற்றிப் பெரியவர்களிடம் சொல்லி உதவி பெறலாம் என்பதை அவ்விளையாட்டு கற்பிக்காது.