இசை இல்லை, மூச்சு! ஜப்பானின் மூங்கில் குழல் ஜென் தியானமானது எப்படி?

1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களில் ஒரு தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கு. வேற்றுலகவாசிகள் கையில் கிடைத்தால் பூமியின் இசையைக் கேட்கட்டும் என்பதுதான் ஐடியா. அதில் ஜப்பானியக் கலைஞர் கோரோ யமகுச்சி வாசித்த மூங்கில் குழலும் உண்டு. ஆனால், இந்தக் குழலை ஊதிய துறவிகளுக்கு அது இசைக்கருவியே இல்லை!

அதென்ன குழல்?

பெயர் ஷாகுஹாச்சி. 'ஒரு ஷாகு, எட்டு சுன்' என்ற நீள அளவுதான் பெயராகிவிட்டது. நம்ம கணக்கில் சுமார் 54.5 செ.மீ. முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடிக்காமல், நேராகப் பிடித்து மேல் விளிம்பில் ஊத வேண்டும்.

ஜென் எங்கே வந்தது?

எடோ காலத்தில் (1603-1868) ஃபுகே என்ற ஜென் பிரிவு இருந்தது. அதன் துறவிகளுக்கு கொமுசோ என்று பெயர். முகத்தை மறைக்கும் கூடைத் தொப்பியோடு, குழல் ஊதியே யாசகம் பெற்றார்கள். ஜென்னில் உட்கார்ந்து செய்யும் தியானம் 'ஸாசென்' என்றால், ஊதிச் செய்வது 'சுய்சென்'.

லாஜிக் சிம்பிள். ஒரு மூச்சுக்கு ஒரு இசைத்தொடர். மூச்சு தீர்ந்தால் ஒலியும் தீரும். அடுத்த மூச்சு வரை மௌனம். கறாரான தாளக்கட்டு கிடையாது. உதட்டின் கோணம் கொஞ்சம் மாறினாலே சுருதி மாறிவிடும். அதனால் மனசு எங்கேயாவது அலைந்தால், குழலே காட்டிக்கொடுத்துவிடும்.

தடை வந்தது

கொமுசோக்களில் பலர் எஜமானர் இல்லாத சாமுராய்கள். ஷோகுன் ஆட்சியில் சலுகைகள் இருந்தன. ஆட்சி மாறியதும் நிலைமை தலைகீழ். 1871-ல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவையே கலைத்தது.

தியானக் கருவியாக இருந்த குழல், பிழைக்க மேடை ஏற வேண்டியதாயிற்று. கோட்டோ, ஷாமிசென் போன்ற தந்திக் கருவிகளோடு சேர்ந்து கச்சேரிகளில் நிலைத்தது. 18-ம் நூற்றாண்டிலேயே கொமுசோ துறவி குரோசாவா கின்கோ பழைய மெட்டுகளைத் தொகுத்து வைத்திருந்ததால், அவையும் தப்பின. 1967-ல் தொரு தகேமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' படைப்பு மூலம் நியூயார்க் மேடைக்கும் போனது.

அப்போ தியானம் போச்சா?

இல்லை. 'ரோ' என்ற அடிச்சுருதியை மட்டும் நிமிடக்கணக்கில் ஊதும் பயிற்சி இன்றும் தொடர்கிறது. கேட்க ஆள் தேவையில்லை, கைதட்டலும் தேவையில்லை. இன்றைக்கு ஹெட்போனில் ஷாகுஹாச்சி கேட்டால், மெட்டைத் தேடாதீங்க. மூச்சு எங்கே முடியுதுன்னு கவனிங்க. அவ்வளவுதான்.