மூச்சை அடைக்கும் ஒரு கடலை

வாய் வழியே இறங்கும் சோற்றுக்கும் மூக்கு வழியே இறங்கும் காற்றுக்கும் தொண்டையில் ஒரே பாதைதான். அதற்குக் கீழே முன்புறம் மூச்சுக்குழாயும் பின்புறம் உணவுக்குழாயும் பிரிகின்றன. ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் மூடி கவிழ்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, உணவு பின்வழியே இறங்குகிறது. வாயில் உணவு இருக்கும்போது சிரித்தாலோ அழுதாலோ காற்று சட்டென்று உள்ளே இழுபடும். அந்த நேரத்தில் வழி திறந்திருப்பதால் உணவும் கூடவே போய்விடுகிறது. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் புரையேறி, நாலு இருமல் இருமி, கண் கலங்குவதோடு முடிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு எப்போதும் அப்படி முடிவதில்லை.

குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமன்தான். அதை அடைக்க ஒரு பட்டாணி போதும். இருமி வெளியே தள்ளும் பலமும் அந்த வயதில் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது பல். முன்பற்கள் ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்கத் தொடங்குகின்றன. முதல் கடைவாய்ப்பற்கள் ஒரு வயதைத் தாண்டித்தான் வரும், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் வர இரண்டு, இரண்டரை வயது ஆகும். அதுவரை பிள்ளையால் கடித்துத் துண்டாக்க முடியும், அரைத்துக் கூழாக்க முடியாது. கடைவாய்ப்பல் வந்த பிறகும் மென்று பழகச் சில ஆண்டுகள் பிடிக்கும். மூச்சுக்குழாயில் உணவு சிக்கி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களாக இருப்பதற்கு இதுவே காரணம். நான்கு வயதுக்குக் கீழே முழுக் கடலை, முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

அப்படிச் சிக்கும் பொருள்களில் நம் நாட்டில் முதலிடம் வேர்க்கடலைக்கு. அதை வாயில் போட்டுக் கடித்தால் இரண்டு பருப்பாகப் பிளக்கிறது. வழவழப்பான அந்தப் பாதிப் பருப்பு ஒரே இழுப்பில் மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரல் கிளைக்குப் போய்விடும். வலப்பக்கக் கிளை சற்று அகலமாகவும் நேராகவும் இருப்பதால் அங்கே தங்குவதே அதிகம். போன இடத்தில் அது சும்மா கிடப்பதில்லை. ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. அதன் எண்ணெய் மெல்லிய உட்சவ்வை எரிச்சலூட்டி வீங்கவைக்கிறது. இதனால் முதல் நாள் பாதி அடைத்திருந்த குழாய் நாளடைவில் முழுவதும் அடைபடுகிறது. எக்ஸ்ரே படத்தில் ஒரு காசு பளிச்சென்று தெரியும், கடலை தெரியாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்படிச் சிக்கிய பொருள்களை எடுப்பதில் பெயர்பெற்ற அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன், கடலையால் வரும் மூச்சுக்குழாய் அழற்சியைத் தனி நோயாகவே விவரித்தார். நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்பட்டு அவர் சேர்த்துவைத்த 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இழுப்பறைகளில் இருக்கின்றன.

கடலையை அடுத்து, உருண்டையான, கெட்டியான, வழுக்குகிற எதற்கும் அஞ்ச வேண்டும். பொட்டுக்கடலை, வறுத்த பட்டாணி, சுண்டலில் முழுக் கொண்டைக்கடலை, கமர்கட், பாக்குத் துண்டு, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் துண்டு ஆகிய எல்லாம் இந்த வகைதான். வீட்டில் இவை நிறைந்து கிடப்பது பண்டிகை நாட்களில். கோகுலாஷ்டமிக்குப் பிஞ்சுக் காலடி வரைந்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைத்து, கையில் கொடுப்பது கல் போன்ற சீடையை. ஆயுத பூஜையன்று பொரியும் கடலையும் கூடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். தவழும் பிள்ளை அதையெல்லாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும். ஜப்பானிலும் இதே கதைதான். அங்கே பிப்ரவரி தொடக்கத்தில் வரும் செட்சுபுன் பண்டிகைக்கு வறுத்த சோயா மொச்சையை வீடெங்கும் இறைப்பார்கள். குழந்தைகள் இறந்ததையடுத்து, ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு இத்தகைய கெட்டிப் பருப்புகளைக் கொடுக்கவே வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் முகமை 2021-இல் அறிவுறுத்தியது. பண்டிகையை விட வேண்டியதில்லை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பொரி கடலையை உயரத்தில் வைத்து, பூஜை முடிந்த கையோடு தரையைப் பெருக்கிவிட்டால் போதும்.

சீதாப்பழ விதை, சப்போட்டா விதை, புளியங்கொட்டை ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சீதாப்பழத்தைக் குழந்தையின் கையில் கொடுக்காமல், சதையை வடிகட்டியில் மசித்துக் கொட்டையை நீக்கிக் கொடுப்பதே சரி. சிறு கோப்பைகளில் வரும் ஜெல்லியின் ஆபத்து வேறு விதம். அதை உறிஞ்சும்போது பாய்ந்து உள்ளே போகிறது, குழாயின் வடிவத்துக்கேற்ப நெளிந்து முழுவதும் அடைத்துக்கொள்கிறது, எச்சிலில் கரைவதும் இல்லை. கோஞ்சாக் என்ற கிழங்கு மாவில் செய்த இவ்வகை ஜெல்லிகளால் குழந்தைகள் இறந்த பின், அந்த மாவை ஜெல்லி மிட்டாய்களில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் தடை செய்தது.

சத்தான உணவைப் பிள்ளைகளுக்கு மறுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. வடிவத்தை மாற்றினால் பெரும்பாலான உணவுகள் பாதுகாப்பானவையாகிவிடும். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம், மைய அரைத்துத் துவையலாகச் சோற்றில் பிசையலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் மீண்டும் வட்டத் துண்டுதான் கிடைக்கும். கேரட்டையும் பீட்ரூட்டையும் வேகவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் நசுங்கும் பதத்தில் கொடுக்கலாம். கொண்டைக்கடலையை மசிக்கலாம். கோழிக்கறியை எலும்பில்லாமல் நார் நாராகப் பிய்க்கலாம். காய்ந்த இட்லியும் புட்டும்கூட வாயில் உருண்டு திரண்டு அடைக்கும். சாம்பாரோ பாலோ விட்டு நெகிழ வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

என்ன கொடுக்கிறோம் என்பதில் காட்டும் கவனத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதிலும் காட்ட வேண்டும். நம் வீடுகளில் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளை ஓடும், கிண்ணத்தோடு அம்மா பின்னால் ஓடுவார். நிலாவைக் காட்டி, நாயைக் காட்டி, கைப்பேசியில் படத்தைக் காட்டி, வாய் பிளந்த நேரம் பார்த்து ஒரு கவளத்தைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. பாட்டி இடுப்பில் வைத்து நிலாச்சோறு ஊட்டுவதில் கேடில்லை. பிள்ளை நிமிர்ந்திருக்க வேண்டும், முந்தைய வாயை விழுங்கியிருக்க வேண்டும், அழாமலும் குதிக்காமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடும் ஆட்டோவிலும் பைக்கிலும் தின்பண்டம் வேண்டாம். மூக்கைப் பிடித்து, படுக்கவைத்து, சங்கிலோ பாலாடையிலோ மருந்தையும் எண்ணெயையும் புகட்டுவது மிக ஆபத்தானது. அழுகிற குழந்தை மூச்சை இழுக்கும்போது அது நேரே நுரையீரலுக்குப் போகும். மாத்திரைக்கும் இதே விதி. தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்து நீரில் கலந்தே கொடுக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. தம்பிப் பாப்பாவுக்கு ஆசையாக ஒரு கடலையை ஊட்டிவிடுவது பல வீடுகளில் நான்கு வயது அக்காதான். அவளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

புதிதாகத் திட உணவு தின்னும் குழந்தை அடிக்கடி ஓங்கரிக்கும். முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், சத்தம் வரும். இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி, பதற வேண்டாம். உண்மையான அடைப்பில் சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாய்கிறது, கண்கள் மிரள்கின்றன. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது என்பதால்தான் சாப்பிடும் குழந்தையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது.

பிள்ளை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விட வேண்டும். உச்சந்தலையில் தட்டுவது, தண்ணீர் புகட்டுவது, சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வது, தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடுவது ஆகிய எல்லாம் பொருளை இன்னும் ஆழத்தில் தள்ளக்கூடும். இருமலும் குரலும் நின்றுவிட்டால் உடனே செயலில் இறங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை உடலைவிடத் தாழ இருக்கும்படி தொடையில் கையை ஊன்றி, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்த வேண்டும். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது, ஈரல் காயப்படும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையை முன்னே குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. அதன்பின் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முனைக்குக் கீழே மடக்கிய கைமுட்டியைப் பதித்து, உள்நோக்கி மேலே ஐந்து முறை இழுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974-இல் எடுத்துச்சொன்ன முறை இந்த வயிற்று அழுத்தம். பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழைக்க வேண்டும். பிள்ளை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, மார்பு அழுத்தமும் வாய்வழி மூச்சும் தொடங்க வேண்டும். வாயில் கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் எடுக்கலாம். இவற்றைப் பயிற்சி பொம்மையில் ஒரு முறையாவது செய்து பார்த்தவருக்குத்தான் அந்த நேரத்தில் கை ஓடும். குழந்தை பிறந்த வீட்டில் ஒருவராவது முதலுதவிப் பயிற்சி பெற்றிருப்பது அவசியம்.

பொருள் வெளியே வந்து பிள்ளை அழுதுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழுத்தியதில் உள்காயம் இருக்கலாம், உடைந்த துண்டு ஒன்று உள்ளேயே தங்கியிருக்கலாம். பெற்றோரும் சில நேரம் மருத்துவரும் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். கடலை சிறு கிளைக்குள் இறங்கியதும் இருமல் அடங்கிவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். நாட்கள் கழித்து விட்டுவிட்டு இருமலும் இரைப்பும் காய்ச்சலும் வரும். அது ஆஸ்துமா என்றோ சளி என்றோ வைத்தியம் நடக்கும். மருந்துக்கு அடங்காமல் ஒரு பக்க நெஞ்சில் மட்டும் கேட்கும் இரைப்பு இதற்கு முக்கிய அடையாளம். “போன வாரம் கடலை தின்னும்போது புரையேறியது” என்று தாய் சொல்லும் ஒரு வரி பல சோதனைகளைவிடப் பயனுள்ளது. கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுத்து பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே செலுத்திப் பார்ப்பார்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் 1897-இல் ஒருவரின் மூச்சுக்கிளையிலிருந்து எலும்புத் துண்டை எடுத்தது இந்த முறையின் தொடக்கம். இன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இது வழக்கமாகச் செய்யப்படுகிறது. சீக்கிரம் எடுத்துவிட்டால் நுரையீரல் பெரும்பாலும் பழையபடி விரிந்துகொள்ளும். வாரக்கணக்கில் விட்டால் சீழ் பிடித்து அந்தப் பகுதியே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.