மூணாவது போர் போடலாமா சார்?

ஆலங்குடிப் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீக்கடை. வேலைக்குப் போகிற வழியில் காலை ஏழு மணிக்கு நான் அங்கே நிற்பது வழக்கம். ஒரு செய்தித்தாளை நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக்கொண்டு, ஊர் உலகத்தைச் சரிசெய்து முடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். காவிரி – வைகை – குண்டாறு கால்வாய் நம்ம ஊருக்கு எப்போ வரும் என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் செல்போனில் குமிழித் தூம்பு வீடியோவைப் போட்டுக் காட்டி, "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க என்னமா யோசிச்சிருக்காங்க பாருங்க" என்றார. மூன்றாவதாக ஒரு தம்பி, செல்போனிலேயே மோட்டார் போடுகிற கருவி வாங்கிய பெருமையையும், அதே மாதத்தில் மோட்டார் காயில் கருகிய சோகத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சார், மூணாவது போர் போடலாமா?"

அவருக்கு மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தென்னை, சுமார் 100 மரம். மீதியில் கடலை, உளுந்து. முதல் போர் வற்றி ஆறு வருசம் ஆகிறது. இரண்டாவதில் தண்ணீர் குறைந்துவிட்டது. போர் வண்டிக்காரர் 1,000 அடி என்று சொல்லியிருக்கிறார். மோட்டார், குழாய், கேபிள் எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த நகையை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு.

"ஒரு வாரம் பொறுங்க அண்ணே. நான் தோட்டத்துக்கு வர்றேன்" என்றேன். இந்த இதழின் கேள்வி–பதில் பகுதிக்கும் இதே கேள்வி வேறு வேறு ஊரிலிருந்து வருவதால், அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். டீக்கடையில் பேசிய அத்தனை விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

தோட்டத்துக்குப் போனதும் நான் கேட்டது, இருக்கிற போர் எவ்வளவு தண்ணீர் தருகிறது என்பதை. "ரெண்டு இஞ்சு வரும் சார்" என்றார். இஞ்சு என்பது குழாயின் அளவு, தண்ணீரின் அளவு இல்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய்க்கு அடியில் வைத்து, செல்போனில் நேரம் பார்த்தோம். நிரம்ப 160 விநாடி ஆனது. அப்படியென்றால் மணிக்கு 4,500 லிட்டர். இதைப் பென்சிலால் மோட்டார் ரூம் சுவரில் தேதியோடு எழுதி வைக்கச் சொன்னேன். மாதம் ஒரு தடவை இப்படி எழுதினால் போர் எப்போது இறங்குகிறது என்று சுவரே சொல்லிவிடும். செலவில்லாத இந்த வேலையை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். இவருடைய போரில் அதற்கு 45 மணி நேரம் ஓட்ட வேண்டும். அதனால்தான் 'தண்ணி பத்தலை'. அதே தண்ணீரைச் சொட்டுநீராகக் கொடுத்தால், ஒரு தென்னைக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் 100 மரத்துக்கு 8,000 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிறு, குறு விவசாயி என்ற சான்று இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டையைக் குவிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி வைத்தால் வெயிலில் போகிற தண்ணீரும் மிச்சம். மட்டையை எரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பெரியவரும் எரித்துக்கொண்டுதான் இருந்தார்.

செல்போன் ஸ்டார்ட்டர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி கரண்டுக்கு எழுந்து இருட்டில் பாம்புக்கு நடுவே நடக்க வேண்டியதில்லை; அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் ஊரில் எல்லோரும் ஆட்டோவில் போட்டுவிட்டால், கரண்டு வந்த விநாடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். மின்னழுத்தம் படுத்துவிடும். அந்தத் தம்பியின் காயில் போனதும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட்டரில் ஒரு டைமர் ரிலே வைத்து, ஒருவர் இரண்டு நிமிடம், அடுத்தவர் நான்கு நிமிடம் என்று தள்ளி ஓட விட்டால் போதும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் நிறுத்துகிற வசதியும் அதில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் உட்கார்ந்து மோட்டார் போடுகிறவர் மடை உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடுவதைப் பார்க்க முடியாது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

இனி குமிழித் தூம்பு. நம் மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் இருக்கின்றன. கோடையில் பழைய கண்மாய்க்குள் இறங்கி நடந்தால், தரையில் இரண்டு கல்தூண்கள் எழும்பி நிற்பதையும் இடையில் குறுக்குக் கல் இருப்பதையும் பார்க்கலாம். அதன் அடியில் கல்லால் ஆன தொட்டி. தொட்டியின் மேல் மூடியில் பெரிய துளை, அது நீரோடி. கீழே முன்பக்கத்தில் சிறு துளைகள், அவை சேறோடி. ஆள் நீந்திப் போய் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் மேல் துளை வழியே இறங்கும். அந்த இழுப்பில் அடியில் கிடக்கிற சேறும் சிறு துளைகள் வழியே புகுந்து, சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். வண்டலும் தண்ணீரும் சேர்ந்தே வயலுக்குக் கிடைத்தன. தூம்பு செய்து கொடுத்தவரின் பெயரைத் தூணிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-லேயே புத்தகமாக வந்துவிட்டன. ஆர்வம் உள்ள பிள்ளைகள் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை வீடியோ சொல்வது சரி. 'தூம்பு தானாகவே கண்மாயைத் தூர்வாரிவிடும்' என்று முடிப்பதுதான் தப்பு. சேறோடி இழுப்பது தூம்பைச் சுற்றி இருக்கிற சேற்றை மட்டும். மீதிக் கண்மாயை மனிதர்கள்தான் வெட்டினார்கள், வருசா வருசம். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே வருகிறது. பதவிக்காலம் 360 நாள். கல்லைப் பார்த்து வியக்கிற நாம் அந்த 360 நாளை மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மண் வெட்டியவரும் தண்ணீர் வாங்கியவரும் பல ஊரில் வேறு வேறு ஆட்கள். சென்னை மாகாணத்தில் மராமத்து வேலையைக் கட்டாயமாக்க வெள்ளைக்காரன் 1858-ல் சட்டமே போட்டான். கூலி கேட்க முடியாத மனிதர்களின் முதுகில் நின்ற கண்மாய்களும் உண்டு. அந்த ஏற்பாடு போனது நல்லதுதான். அதன் இடத்தில் நாம் எதையும் வைக்காமல் போரை நம்பிப் போய்விட்டதுதான் குறை.

போரை எவ்வளவு நம்பினோம் என்பது 2018 நவம்பர் 16 விடியற்காலையில் தெரிந்தது. கஜா புயலில் கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்களும் சாய்ந்தன. கரண்டு இல்லாமல் வாரக்கணக்கில் போரில் ஒரு சொட்டு எடுக்க முடியவில்லை. 800 அடியில் தண்ணீர் இருக்கிறது, குளிக்கத் தண்ணீர் இல்லை. அடுத்த வருசம் அந்தப் பக்கத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். எங்கள் துறைக் கூட்டங்களில் நாங்கள் பல வருசம் பேசிச் செய்ய முடியாததை அந்த ஒரு இரவு செய்துவிட்டது.

கால்வாய் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரை சுமார் 262 கிலோமீட்டர். வரட்டும், வர வேண்டும். ஆனால் அதில் வரப்போவது காவிரியின் வெள்ளநீர். வெள்ளம் சில நாள்தான் ஓடும். அதைப் பிடித்து வைக்கிற பாத்திரம் நம் கண்மாய்தான். பாத்திரம் நிறைய மண்ணாக இருந்தால் கால்வாய் வந்தும் தண்ணீர் கலிங்கு வழியே கடலுக்குப் போகும். தைலமரக் காட்டில் வெட்டிய பள்ளமும் வரப்பும் வரத்து வாரியை மறித்து நிற்கிற இடங்களைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள். அந்த மனுவில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் வருசத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் மட்டும் 36 லட்சம் லிட்டர்.

பெரியவருக்கு நான் சொன்ன இரண்டாவது யோசனை வண்டல். அவர் நிலம் செம்மண், ஊற்றிய தண்ணீர் மறுநாள் இருப்பதில்லை. ஊர்க் கண்மாயில் இடுப்பளவு வண்டல் கிடக்கிறது. 2024-லிருந்து தாசில்தார் அனுமதியிலேயே இலவசமாக எடுக்கலாம். கலெக்டர் அலுவலகம் வரை அலைய வேண்டாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 90 கன மீட்டர் என்றால் நாம் சொல்கிற கணக்கில் 32 யூனிட். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் கனம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டப்படிப்புத் தெம்பில், எங்கள் குடும்ப நிலத்தில் அரை அடிக்கு வண்டல் அடித்தேன். கண்மாயின் நடுப்பள்ளத்திலிருந்து எடுத்த கருங்களி. சோதித்துப் பார்க்கவில்லை. கடலை போட்டோம். செடி கண்ணைப் பறிக்கிற பச்சை. பூத்து விழுது இறங்குகிற நேரத்தில் மழை ஓய்ந்து மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிட்டது. பாதி விழுது மண்ணுக்குள் போகவே இல்லை. பிடுங்கும்போது செடி கையோடு வந்தது, காய் மண்ணுக்குள் நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று வருசம் விதைப்புக்கு முன்னால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தப் பாட்டில் சோதனையை விடாமல் சொல்கிறேன். வண்டலைக் காயவைத்துப் பொடித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும். நுண்மண் இரண்டு மணி நேரத்தில். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஸ்கேல் வைத்து மூன்றையும் அளக்கலாம். பாதிக்கு மேல் களி என்றால் கடலை நிலத்துக்கு வேண்டாம். தென்னை வட்டப்பாத்திக்கும் வாழைக்கும் நெல்லுக்கும் போகட்டும். உங்கள் நிலத்து மண்ணையும் பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். உப்பு இருக்கிறதா என்பதைப் பாட்டில் காட்டாது. அதற்கு அரைக் கிலோ மண்ணை வேளாண் விரிவாக்க மையத்தில் ஆய்வுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது கரையையும் மடையையும் ஒட்டித் தோண்டாதீர்கள், கரை உட்கார்ந்துவிடும். வண்டல் முடிந்து சரளை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே போகிறவர்கள் விவசாயத்துக்காகப் போகவில்லை. அப்படிப்பட்ட லாரி உங்கள் கண்மாயில் நின்றால் தாசில்தாருக்கு எழுதுங்கள்.

பெரியவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. "சொட்டுநீர் போட்டாலும் கடலைக்கு என்ன சார் செய்யிறது?" என்று கேட்கிறார், நியாயமான கேள்வி. கடலையை மானாவாரியாக ஆடிப்பட்டத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, தை மாதத்தில் வம்பன் 8 உளுந்து போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். கண்மாயில் தண்ணீர் நின்றால் பழைய போரும் ஒருவேளை ஊறும், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. சிட்டா, அடங்கலோடு வண்டலுக்கு மனு கொடுத்துவிட்டார். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை டீக்கடை பெஞ்சில் இரண்டு பாட்டில் கலங்கல் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நாலு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.